எல்லாம் சிவப்பு ஒயர்

"இண்டிகேட்டரை இடது பக்கம் போட்டா ரெண்டு பக்கமும் மினுக்குதுடி. சாப்பிட்டு வந்து பாக்கறேன்" என்று சொல்லிக் கை கழுவப் போன கணவர் குழாயடியிலேயே சரிந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. பாகம் பாகமாக வாங்கி அவரே பொருத்தி உருவாக்கிய கார் இன்னும் கொட்டகையில் நிற்கிறது. இண்டிகேட்டர் சரியாகாமல் ரோட்டில் ஓட்ட அனுமதி கிடைக்காது. அவள் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடிக்கிறாள். நாலு விளக்கையும் ஒன்றாக மினுக்கவைக்கும் ஹசார்ட் சுவிட்சுக்குப் பின்னால்தான் இரண்டு பக்கத்து ஒயரும் எங்கோ ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் அத்தனை ஒயரும் சிவப்பு. எது எங்கே போகிறது என்பது அவர் தலைக்குள் மட்டும் இருந்தது.

"எழவு, வேற கலரே கிடைக்கலையா உங்களுக்கு?" என்று இல்லாதவரிடம் சீறுகிறாள்.

காருக்குப் பின்னால் நிற்கும் கொழுந்தன் பெருமூச்சு விடுகிறான். "ஒரே கலர்ல ஆறு சட்டை வாங்கின ஆளு அண்ணி அவரு. விடுங்க, பழைய இரும்புக்குப் போட்டுடலாம்."

"ஒரு தடவையாவது ரோட்டுல ஓட்டாம விடமாட்டேன். வாயை மூடிட்டு விளக்கைப் பாரு."

ஒரு ஒயரை வெடுக்கென்று பிடுங்கி வேறொன்றோடு முறுக்குகிறாள். செம்புக் கம்பி விரலைக் கிழிக்கிறது. ரத்தத்தோடு கையை நீட்டி, இண்டிகேட்டரை இடது பக்கம் தட்டுகிறாள். டிக், டிக் என்று சத்தம் வருகிறது.

"என்ன எரியுது?"

கொழுந்தன் குனிந்து பின்விளக்குகளை மாறி மாறிப் பார்க்கிறான்.

"கேக்கறேன்ல?"

"ரெண்டு பக்கமும், அண்ணி."