பத்துப் பங்கு

நொய்யல் பேங்கின் ஆண்டுக் கூட்டம் என்றாலே தலைவர் ஆத்தப்பனுக்குப் பயம். காரணம், பனியன் கம்பெனி மாரக்காள். அவளிடம் இருந்தது பத்தே பத்துப் பங்குதான்.

1957 கூட்டத்தில் எழுந்து, ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்து வாசித்தாள்: “ஏனுங்க, நீங்க பழனிக்குப் போன காருக்கு பேங்க் எதுக்குங்க பெட்ரோல் போட்டுது?”

கூட்டம் சிரித்தது. சொல்லிக் கொடுத்தது டிரைவர்தான் என்று ஆத்தப்பன் அவனை வேலையை விட்டு அனுப்பினார்.

அடுத்த வருஷமும் சீட்டோடு வந்தாள். “ஊத்துக்குளி கிளைக்கு உங்க தம்பி கட்டடந்தான் கெடச்சுதுங்களா?”

இந்த முறை கிளை மேனேஜரை மங்கலத்துக்குத் தூக்கியடித்தார்.

“எவனோ உள்ள இருந்தே சொல்லிக் குடுக்கறான், முத்தாத்தா,” என்று சாப்பிடும்போது மனைவியிடம் புலம்பினார்.

“பேசாம அவ பங்கை வாங்கிப் போடுங்க. பங்கு இல்லாட்டிக் கூட்டத்துக்கு எப்படி வருவா?” என்றாள் முத்தாத்தாள், ரசம் ஊற்றியபடி.

“என் பேர்ல வாங்குனா ஊரு பேசுமே?”

“எம் பேர்ல வாங்குங்க.”

மாரக்காள் இரட்டை விலை கேட்டாள். மறுபேச்சில்லாமல் கொடுத்தார்.

மறு வருஷக் கூட்டத்தில் மாரக்காள் இல்லை. ஆத்தப்பன் நிம்மதியாக எழுந்தார். “யாராச்சும் ஏதாச்சும் கேக்கோணுங்களா?”

பின்வரிசையில் முத்தாத்தாள் எழுந்தாள். கையில் சீட்டு இல்லை.

“டைரக்டருங்கள்ல ஒரு பொம்பளைகூட ஏனுங்க இல்லை?”

ஆத்தப்பன் எட்டிப் பார்த்தார். “நீ எங்க இங்க?”

“பங்கு எம் பேர்லதானுங்களே இருக்குது? மாரக்காளுக்குச் சீட்டு எழுதிக் குடுத்துக் குடுத்து எனக்கும் கை வலிச்சுப் போச்சுங்க.”