செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

பையில் இருந்த இரண்டு பாட்டில்களிலும் அவன் வீட்டுக் குழாய்த் தண்ணீர்தான் இருந்தது.

ஆய்வுக்கூடத்தின் வாசல்வரை வந்துவிட்டு, உள்ளே போக மனமில்லாமல் கட்டடத்தை மூன்றாவது முறையாகச் சுற்றிக்கொண்டிருந்தான்.

மலையேற வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது அவன் தொழில். செங்குத்துப் பாறையில் கயிறில்லாமல் நிற்பான். இப்போது காவலாளி ஒரு பார்வை பார்த்ததற்கே சுவரோரம் ஒதுங்கினான்.

செவ்வாய்தோறும் அவன் மலையிலிருந்து கொண்டுவரும் உச்சி ஊற்றுத் தண்ணீரைச் சோதித்து எழுதுகிற ஆய்வாளர் முதல் மாடியில் இருந்தார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் தொட்டாற்சிணுங்கி. "வாங்க", "வைங்க", "பார்த்துப் போங்க". செவ்வாய்க்கு இவ்வளவுதான் பேச்சு. அதுவும் மேசையைப் பார்த்து.

ஒருமுறை அவன் விரல் நகம் பெயர்ந்து வந்திருந்தான். அவர் ஒரு பிளாஸ்திரியை மேசைமேல் வைத்து மெல்ல அவன் பக்கம் தள்ளிவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். அவர் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. அன்றைக்கு அவனைப் பிடித்த காதல், பேய் மாதிரி இன்னும் இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஊற்று வற்றியது.

சொல்லியிருக்கலாம். சொன்னால் தண்ணீர் வேண்டாம் என்பார். தண்ணீர் வேண்டாமென்றால் செவ்வாய்க்கிழமையே இல்லை. ஒரே ஒரு தடவை என்றுதான் குழாயைத் திறந்தான். அது பதினேழு வாரமாகிவிட்டது.

நாளை ஆய்வறிக்கை அச்சுக்குப் போகிறது. ஒரு புள்ளிகூடத் தப்பாக வைக்காத மனிதரின் பெயரில், அவன் வீட்டுச் சமையலறைத் தண்ணீர் மலை ஊற்றாக வேடம் கட்டி நிற்கப் போகிறது.

சொன்னால் அவர் போய்விடுவார். சொல்லாவிட்டால் அவர் பெயர் போய்விடும்.

இரண்டிரண்டு படியாக ஏறினான். நின்றால் திரும்பிவிடுவோம் என்று பயமாக இருந்தது.

ஜன்னலோரம் நின்றிருந்த ஆய்வாளர் அவனைக் கண்டதும் அவசரமாக வந்து உட்கார்ந்தார்.

"சார், ஊத்து வத்தி நாலு மாசமாச்சு. இவ்வளவு நாளா எங்க வீட்டுக் குழாய்த் தண்ணியத்தான் கொண்டுவந்து ஏமாத்துனேன். உங்களைப் பாக்க எனக்கு வேற வழி தெரியல."

பாட்டில்களை மேசைமேல் வைத்தான். இந்த அறையை இனிப் பார்க்கப் போவதில்லை என்று கதவுப் பக்கம் திரும்பினான்.

"குழாய்த் தண்ணில குளோரின் இருக்குமே," என்றார் ஆய்வாளர், மேசையைப் பார்த்தபடி. "முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு."

கொல்லன் தெருவில் ஊசி விற்றிருக்கிறோம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் பதிவேட்டைத் திறந்து அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

நாலு மாதத்துக்கு முந்தைய ஒரு செவ்வாயோடு எண்கள் நின்றிருந்தன. 'ஊற்று வற்றியிருக்க வேண்டும். ஆய்வு இத்துடன் முடிந்தது. அறிக்கையில் இதற்குமேல் சேர்க்கக் கூடாது' என்று எழுதி, அடியில் கோடு போட்டிருந்தார்.

கோட்டுக்குக் கீழேயும் வாராவாரம் எழுதியிருந்தார்.

'10.00. வந்தார்.'

'10.05. வந்தார். மழையில் நனைந்திருந்தார். துண்டு கொடுத்திருக்கலாம், தோன்றவில்லை.'

'9.50. வந்தார். தாடியை எடுத்துவிட்டார்.'

பதினாறு செவ்வாய்களையும் அவன் நின்றபடியே படித்தான். ஆய்வாளர் தலை நிமிரவே இல்லை.

கடைசியில் இன்றைய தேதி.

'10.05. வரவில்லை.

10.10. வரவில்லை.

10.15. கட்டடத்தைச் சுற்றுகிறார்.

10.20. இன்னும் சுற்றுகிறார்.

10.25. வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிவிட்டார். கடவுளே.'