கயிற்றின் மறுமுனை
அமோங்கினின் மூன்று வயது மகள் வறண்ட கிணற்றில் விழுந்து, அடிச்சேற்றில் அழுதுகொண்டிருந்தாள். ஊரார் சொரோட்டி சந்தைக்குப் போயிருந்தார்கள். கொழுந்தன் ஓச்சோம் மட்டும் கயிற்றோடு வந்தான். அண்ணன் இறந்ததிலிருந்து அவளுடைய கேழ்வரகுக் கொல்லையைக் கேட்டு மிரட்டிக்கொண்டிருந்தவன்.

"நீ இறங்கு, நான் பிடிக்கிறேன்" என்றாள்.

"என் பாரம் உங்களுக்குத் தாங்குமா அண்ணி? என்மேல நம்பிக்கை இல்லையா?"

"இல்ல. கர்த்தர்மேலதான் இருக்கு. பிடி."

அப்படிச் சொன்னாளே தவிர, கணவன் காய்ச்சலில் கிடந்தபோது கூப்பிட்டும் வராத கர்த்தர் இன்று வருவாரா என்ற சந்தேகம் அவளுக்கும் இருந்தது. ஜெபத்தை முணுமுணுத்தபடி, கயிற்றை இடுப்பில் முடிந்துகொண்டு இறங்கினாள். பாதியில் கயிறு வெடுக்கென்று குலுங்கியது. பிறகு குலுங்காமல் அவளை அடிவரை இறக்கியது. மகளை முதுகில் கட்டிக்கொண்டதும் அது சீராக மேலே இழுத்தது.

வெளியே வந்தபோது ஓச்சோம் இருபதடி தள்ளி, மாமரத்தில் முதுகை ஒட்டி நின்றான்.

"நான் பாதியிலேயே விட்டுட்டேன் அண்ணி" என்றான்.

அமோங்கின் திரும்பிப் பார்த்தாள். கயிற்றின் மறுமுனை இடுப்பு உயரத்தில், ஆளில்லாத வெளியில் விறைப்பாக நின்றது. அவள் மகளை இறக்கிவிட்டு, இடுப்பு முடிச்சை மெதுவாக அவிழ்த்தாள். அதன்பிறகுதான் மறுமுனை தரையில் விழுந்தது.