வடதென் மாடி ரயில்வே

கடைசிக் கோட்டை இழுக்கும்போது அவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

மஞ்சள் கோடு. ஒரு நூல் அகலம். உள்ளங்கை நீள ரயில்பெட்டியின் ஜன்னல்களுக்குக் கீழே, கோணாமல் வந்து சேர்ந்தது.

நெஞ்சு மட்டும், பாலத்தில் போகும் வண்டி மாதிரி தடதடவென்று.

மற்றதெல்லாம் பச்சை. டீச்சரின் பச்சை.

அவருடைய மொட்டைமாடியில் ஓடுவது தென்மாடி ரயில்வே. மஞ்சள் வண்டி. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிவரும். வெயிலில் தண்டவாளம் நீளும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு சித்திரையில் அது எதிர்வீட்டு மாமரம் வரை நீண்டுபோய், மூன்று பெட்டி நிறைய மாங்காய் ஏற்றிக்கொண்டு வந்தது. வெயில் தணிந்ததும் தானாகவே சுருங்கிக்கொண்டது. ஊறுகாய் ஜாடி சாட்சி. இன்னும் பாதி இருக்கிறது.

பக்கத்து மாடியில் அமலோற்பவம் டீச்சரின் வடமாடி ரயில்வே. பச்சை வண்டி. அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர் என்பதால் அது சொன்ன நேரத்துக்கு வரும்.

நடுவில் இடுப்புயரக் கைப்பிடிச்சுவர்.

இரண்டையும் இணைத்தால்?

இணைத்தால் ஒரே தலைமையகம். ஒரே தலைமையகம் என்றால் ஒரே சமையலறை. தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டு அவருக்குப் பதினோரு வருஷம். டீச்சருக்கு ஒன்பது.

டீச்சரிடம் இன்னும் கேட்கவில்லை. வாயால் கேட்க வராது. அதனால் மூன்று வாரமாகப் பெயரும் நிறமும் யோசித்தார்.

தென்வட மாடி ரயில்வே என்று எழுதினார். தன் திசை முந்திக்கொண்டு நிற்பது உறுத்தியது. அடித்தார்.

வடதென் மாடி ரயில்வே.

எழுந்து நின்று ஒரு தடவை உரக்கச் சொல்லிப் பார்த்தார். தொட்டி மேல் இருந்த காக்கை பறந்துபோயிற்று.

நிறத்துக்கு முதலில் பாதி மஞ்சள், பாதி பச்சை. பிறகு கால்வாசி மஞ்சள். பிறகு ஒரு பட்டை. மஞ்சள் குறையக் குறைய உற்சாகம் ஏறியது.

இப்போது பெயின்ட் காயும்வரைகூடப் பொறுக்க முடியவில்லை. பெட்டியைத் துண்டில் ஏந்திக்கொண்டு, அறுபத்தொன்பது வயதில், சுவரைத் தாண்டினார். சுவர் கொஞ்சம் குனிந்துகொடுத்தது.

டீச்சர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பெட்டியைக் கையில் வாங்கவில்லை. குனிந்து அதில் எழுதியிருந்த பெயரை வாசித்தார்.

இரண்டு தடவை.

“உங்க மஞ்சளை எங்க காணோம், கார்டு சார்?”

“இருக்கு டீச்சர். கண்ணாடி போட்டுப் பாருங்க.”

போட்டுப் பார்த்தார். தன் தண்டவாளத்தைக் கையால் காட்டினார்.

அவர் பெட்டியை அதில் வைத்தார்.

பெட்டி உட்காரவில்லை.

ஒரு பக்கச் சக்கரம் தண்டவாளத்தின் மேல். மறுபக்கச் சக்கரம் வெளியே, அந்தரத்தில்.

டீச்சரின் பாதை குறுகல். அவருடையது அகலம். பெயர் யோசித்தார். நிறம் யோசித்தார். பாதையை அளக்கவில்லை.

முப்பத்தாறு வருஷம் சரக்கு வண்டி கார்டு.

“வேலை பாத்தீங்களா, இல்ல சும்மா கொடிய ஆட்டிட்டு வந்தீங்களா?”

டீச்சர் படியிறங்கிப் போய்விட்டார்.

அவர் விரலெல்லாம் பச்சை. துண்டில் துடைத்தார். பெட்டியை எடுப்பதா, விடுவதா என்று தெரியவில்லை. எடுக்கவில்லை.

டீச்சர் திரும்பி வந்தார். கையில் ஒரு கட்டுக் கம்பி. தண்டவாளக் கம்பி.

தரையில் உட்கார்ந்தார். தன் பாதைக்கு வெளியே, அவருடைய சக்கரம் அந்தரத்தில் நின்ற இடத்தில், மூன்றாவதாக ஒரு கம்பியை வைத்து அழுத்தினார்.

மூன்று கம்பி இருந்தால் அதே பாதையில் குறுகல் வண்டியும் போகும், அகல வண்டியும் போகும். அவர் சின்ன வயதில் வேலையில் சேர்ந்தபோது பார்த்ததுதான்.

பெட்டி உட்கார்ந்தது.

டீச்சர் அடுத்த கம்பியை வைத்தார். அதற்கடுத்ததை. முழங்காலால் நகர்ந்து நகர்ந்து போய், எதிரே கைப்பிடிச்சுவர் வந்ததும் நிமிர்ந்தார்.

“சுத்தியல் இருக்கா, கார்டு சார்? பெருசா வேணும்.”