பின்பக்க ஸ்பீக்கர்

"புரொஜெக்டர்ல படம் பாக்கறப்ப பின்னாடி ஸ்பீக்கர் மட்டும் கரகரங்குது சார்" என்று புகார் செய்திருந்தார் நவநீதன். சரிபார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். படம் ஓடிக்கொண்டிருந்தது. திரையின் இரு பக்கமும் வயர்லெஸ் ஸ்பீக்கர்கள் இருந்தன. சோபாவுக்குப் பின்னால் ஸ்பீக்கர் இல்லை. அங்கே ஒரு நாற்காலியில் அவருடைய அப்பா மட்டும் உட்கார்ந்திருந்தார். புற்றுநோய்க்குக் குரல்வளையை எடுத்துவிட்டு, பேசுவதற்காகக் கழுத்தில் ஒரு கருவி வைத்திருந்தார்கள்.

அந்தக் கழுத்திலிருந்து கதாநாயகி சிரித்தாள்.

"அதுவும் வயர்லெஸ்தானே, சேர்த்துட்டோம்" என்றார் நவநீதனின் மனைவி, பாப்கார்னை மென்றபடி. "அவரு பேசி என்ன ஆகப்போகுது?"

சிரிப்புக்கு நடுவே கரகரத்தது. பெரியவரின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கருவிக்கும் புரொஜெக்டருக்கும் இருந்த இணைப்பைத் துண்டித்தேன்.

"தம்பி, கொஞ்சம் தூக்கி விடுங்க. ஒண்ணுக்குப் போகணும். எவ்ளோ நேரமா கூப்பிடறேன்" என்றார் பெரியவர். அவருடைய வேட்டி ஏற்கெனவே நனைந்திருந்தது.

நவநீதன் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை முறைத்தார்.

"கரகரப்பை எடுங்கன்னா, ஸ்பீக்கரையே எடுத்துட்டீங்களே சார்?"