நாலு கோரா, பதினாறு கோரா?

“நாலு கோர் போதும். அதுக்கு மேல ஒண்ணுகூட வேண்டாம்!”

கணினிக் கடையின் கண்ணாடி மேசையை விரலால் தட்டிச் சொன்னார் மனைவி.

“பதினாறு கோர். அதுல ஒண்ணுகூடக் குறையக் கூடாது!” என்றார் கணவர்.

எதிரே நின்ற கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். படம் எடுப்பவர் கணவர். அதைத் திருத்தி மெருகேற்றுபவர் மனைவி. ஒரே ஸ்டுடியோ, ஒரே வீடு, ஒரே சாவிக்கொத்து. திருமணப் படங்களைத் திருத்தித் தந்த அவர்களுடைய கணினி அண்மையில் கண்ணை மூடிவிட்டது. புதிதாக ஒன்று வாங்க வேண்டும்; அதற்குத்தான் இந்த வாதம்.

“வாங்க வர்றவங்க கூட்டித்தான் கேட்பாங்க. குறைச்சுக் கேட்கிறவங்களை இப்பத்தாம்மா பார்க்கிறேன்” என்றார் கடைக்காரர். “கோர்னா சமையல்காரங்க மாதிரி. மெமரின்னா காய் நறுக்கி வைக்கிற மேடை. ஆளும் அதிகம், மேடையும் பெருசுன்னா வேலை பறக்கும்.”

“பதினாறு பேர் ஒரே அடுப்படியில நின்னா சாப்பாடு வராது தம்பி, சண்டைதான் வரும்.”

“ரெண்டு பேர் நின்னாலே வரும்” என்றார் கணவர்.

“எங்க நின்னீங்க? உங்க சமையல் முறை வர்ற அன்னிக்கு மட்டும் ஐயாவுக்கு வெளியில படம் எடுக்கிற வேலை வந்துடுமே!”

கடைக்காரர் சிரிப்பை விழுங்கினார்.

“மெமரி அறுபத்துநாலு ஜிபி போடுங்க தம்பி” என்றார் கணவர்.

“எட்டு!”

“எட்டா? ஒரு ஆல்பம் முடியறதுக்குள்ள அந்தக் கல்யாணப் பொண்ணுக்குக் குழந்தையே பிறந்துடும்!”

“பிறக்கட்டும். அந்தப் படத்தையும் நாமளே எடுப்போம். அந்தப் பழைய ரூம்ல அப்படிக் காத்துக் கிடந்துதானே வேலை பார்த்தோம்?”

பழைய அறை! அந்தச் சொல் விழுந்ததும் கணவரின் முகம் இளகியது.

சன்னல் இல்லாத அறை அது. இருவரும் ஒரு முதலாளியிடம் சம்பளத்துக்கு இருந்த காலம். ஒரு கணினி, இரண்டு நாற்காலிகள். அவற்றில் ஒன்றுக்குக் கால் ஆடும். ஒரு படத்தின் மங்கலை நீக்கக் கட்டளையிட்டால், திரையில் நீலப் பட்டை எறும்பாய் ஊரும். அது மறுகரை சேரும்வரை பேசுவதைத் தவிர வேறு வேலை இல்லை. அவர்கள் பேசியது கொஞ்சு மொழியா? இல்லை. காதல் மொழியா? அதுவும் இல்லை. வாதம்! சாதி எதற்கு என்று வாதம். சாமி உண்டா என்று வாதம். ஒரே வேலைக்குப் பெண்ணுக்கு மட்டும் ஏன் கூலி குறைவு என்று வாதம். மோதி மோதியே மனம் ஒத்தவர்கள் அவர்கள்.

“ஞாபகமிருக்கா?” என்றார் கணவர். “பொண்ணு முகத்தை வெள்ளையாக்கித் தாங்கன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து நின்னாங்க. நீ மவுஸைத் தள்ளி வச்சிட்டு, ‘கறுப்பு என்ன கறையா, துடைச்சு எடுக்க?’ன்னு கேட்டே. முதலாளிக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு.”

“உங்களுக்கு?”

“எனக்கா? பட்டை அப்போ பாதிதான் ஏறியிருந்துது. நான் முழுசா விழுந்துட்டேன்.”

மனைவி சிரித்துவிட்டார். கடைக்காரர் மெல்ல இருமினார். “அப்ப... எட்டு ஜிபியா?”

“அறுபத்துநாலு!” கணவரின் குரல் மீண்டும் எழுந்தது. “அது அந்தக் காலம். இப்ப வேகம் வேணும். வேகந்தான் முன்னேற்றம்!”

“வேகமா முடிச்சு என்னத்தைச் சாதிச்சீங்க?” மனைவியின் குரலில் இப்போது கேலி இல்லை. “செத்துப்போன மெஷினும் வேகந்தான். தட்டினா வேலை முடிஞ்சுது. முடிஞ்சதும் நீங்க ஒரு மூலையில போனோட, நான் ஒரு மூலையில போனோட. ‘சாப்பிட்டியா’, ‘கதவைப் பூட்டியா’. இதைத் தவிர நம்ம வீட்டுல பேச்சு இருந்துச்சா? நான் எதைச் சொன்னாலும் ‘சரி’. அந்தச் ‘சரி’யைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது மரத்துப் போச்சு. அந்தப் பட்டை மறுபடியும் ஊரட்டும். அது ஊர்ற நேரத்துலயாவது எங்கூடச் சண்டை போடுங்க!”

வேகம் வீட்டுக்குள் வந்தது, வார்த்தை வெளியேறியது. எதிர்த்து நின்ற சாதியும் சுற்றமும் பிரிக்க முடியாத இருவரை, ஓர் எந்திரத்தின் விரைவு ஓசையின்றிப் பிரித்து வைத்திருந்தது.

கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தோத்துட்டேன். நாலு கோர், எட்டு ஜிபி. போதுமா?”

“அழுதுக்கிட்டே ஒத்துக்க வேண்டாம். மிச்ச வாதத்தை வீட்டுல வச்சுக்கலாம்” என்று சொல்லிவிட்டு, வண்டி பிடிக்கத் தெருவில் இறங்கினார் மனைவி. நடையில் ஓர் இளமை தெரிந்தது.

அவர் தலை மறைந்ததும், கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து ஒட்டி முடித்த அட்டைப் பெட்டி ஒன்றைத் தூக்கி மேலே வைத்தார்.

“ஏன் ஐயா, போன வாரமே நீங்க தனியா வந்து சொல்லிட்டுப் போன அதே நாலு கோர், அதே எட்டு ஜிபி! ரெடியா இருக்குன்னு சொல்ல வாயெடுத்தா, கண்ணைக் காட்டித் தடுத்துட்டீங்க. எதுக்கு அந்தம்மாவோட இவ்வளவு நேரம் மல்லுக்கட்டுனீங்க?”

பெட்டியை இரு கைகளாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டே கணவர் சொன்னார்: “அப்பவே ‘சரி’ன்னு சொல்லியிருந்தா, இத்தனை வருஷத்துக்கப்புறம் அவ எங்கூடப் போட்ட முதல் சண்டை ஆரம்பிக்கும்போதே முடிஞ்சிருக்குமே தம்பி!”