குடை சார் வீட்டு லாரி

"கட்டிலையும் லாரியில ஏத்து. பீரோ, ஃப்ரிட்ஜ், எதையும் விடாதே. தார்ப்பாய் தேடிக்கிட்டு நேரத்தைக் கடத்தாதே. உடனே கிளம்பு."

போனில் இப்படிப் பேசிக்கொண்டிருந்தவர் புயல் எச்சரிக்கை மையத்தின் தலைவர். வெயில் மண்டையைப் பிளந்தாலும் கையில் குடையோடு வருவார். அதனால் ஆபீசில் அவர் பெயர் குடை சார். மறுமுனையில் அவர் மனைவி.

பக்கத்து மேஜையில் ராடார் பார்த்துக்கொண்டிருந்த இளம் பெண் அதிகாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரையில் புயலுக்குக் கண் உருவாகிவிட்டது. நேற்றிலிருந்து அதை விடாமல் துரத்திக்கொண்டிருக்கிறாள். எப்படிக் கணக்குப் போட்டாலும் அது ஒரே ஊருக்குத்தான் போகிறது. குடை சாரின் வீடு அந்த ஊரில்தான். அவள் அக்கா வீடும் அங்கேதான், கடலுக்கு எதிர்த்தாற்போல.

காலையிலிருந்து எச்சரிக்கை மேல் எச்சரிக்கை அனுப்பியாகிவிட்டது. ஊர் அசைந்து கொடுக்கவில்லை. போன வருஷமும் மையத்திலிருந்து இப்படித்தான் அலறினார்கள். புயல் கடைசி நேரத்தில் வேறு பக்கம் வளைந்துவிட்டது. முகாமுக்குப் போனவர்களுக்குக் கொசுக்கடிதான் மிச்சம்.

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"போடி, போன தடவையும் இப்படித்தான் பூச்சாண்டி காட்டினே," என்றாள் அக்கா.

"இது திரும்பாதுக்கா. நான் கண்ணால பார்த்துக்கிட்டிருக்கேன். குழந்தைங்களைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பு."

"தெருவுல ஒருத்தரும் கிளம்பல. நான் மட்டும் மூட்டை கட்டினா சிரிப்பாங்க. வை போனை."

நேரில் போய் இழுத்து வரலாம் என்றால் அந்த ஊர் பக்கத்திலா இருக்கிறது? அவளுக்கு அழுகை முட்டியது. கோபமெல்லாம் குடை சார் பக்கம் திரும்பியது.

"சார், அங்க ஜனங்க நகராம உட்கார்ந்திருக்காங்க. உங்களுக்கு ஃப்ரிட்ஜ் பெரிசாப் போச்சா? அந்த லாரியில எங்க அக்கா தெருவையே ஏத்தலாமே."

"ஏத்தலாம். ஏறமாட்டாங்களே," என்றார் அவர், வரைபடத்திலிருந்து தலையைத் தூக்காமல். "அடுத்த படம் வந்தாச்சா பாரும்மா."

நல்ல நியாயம் என்று முணுமுணுத்துக்கொண்டே பார்த்தாள். அவள் போட்ட கோட்டைவிட்டுப் புயல் இம்மிகூட விலகவில்லை.

மத்தியானம் தாண்டியதும் அக்காவே கூப்பிட்டாள். பின்னால் ஒரே கூச்சல்.

"முகாமுக்கு வந்துட்டோம்டி. குழந்தைங்க, மாமியார், எல்லாரும் பத்திரம்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "எப்படிக்கா மனசு மாறினே?"

"உங்க குடை சார் வீட்டம்மா கட்டில், பீரோ சகிதமா லாரியில எங்க தெரு வழியாப் போனாங்க. அவங்க வீடு மேட்டுல இருக்கற கல்லுக் கட்டடம். எந்த வெள்ளத்துலயும் வாசப்படிகூட நனைஞ்சதில்ல. அவங்களே ஓடறாங்கன்னா நாம எம்மாத்திரம்னு தெருவே கிளம்பிடுச்சு. ஏதோ, அவங்க சுயநலத்துல நாங்க பிழைச்சோம்."

அக்கா பிழைத்ததில் நிம்மதிதான். ஆனாலும் மனுஷன் மேல் இருந்த கசப்பு மட்டும் போகவில்லை. பத்திரமான வீட்டில் இருந்துகொண்டு பீரோவுக்குப் பயந்து ஓடுவதா?

அப்போது குடை சாரின் போன் அடித்தது. ஒரு கையில் ஸ்கேல், ஒரு கையில் பென்சில். முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"ஏங்க, இந்தத் தெருவும் காலி," என்றாள் அவர் மனைவி மூச்சு வாங்க. "பாக்கி இருக்கற தெருவுல ஒரு சுத்து சுத்திட்டு, கட்டிலை நம்ம வீட்டுலயே திரும்ப இறக்கிடட்டுமா?"